நீர்ப்பை பற்றி, யோசிக்க நேரம் கேட்ட மகனுக்கு

மகனே,

போன வாரம் புனேயிலிருந்து பேசும்போது நீ சொன்னாய்: "நல்ல பொண்ணுதாம்ப்பா. ஆனா இது லைஃப் லாங் விஷயம். யோசிக்கணும்." யோசிப்பதை எப்போதும் ஆதரிப்பவன் நான். வங்காளத்துக்கு வந்து ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஓடாத மின்விசிறி ஒன்றை மாற்றுவதற்கு நாலைந்து மேஜைகள் ஒரு கோடைக்காலம் முழுவதும் யோசிக்கும். ஆனால் யோசிக்கிறவனுக்கு விவரம் வேண்டும். உன்னிடம் அது இல்லை. அந்த விவரத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் உனக்கு அது தெரியாமல் போனது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் உன்னிடம் சொன்னதை முதலில் ஒரு முறை எழுதிவிடுகிறேன், நாம் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று பார்க்க. ஜாதவ்பூரில் உன்னோடு படித்தவள். இப்போது ஹவுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணப் பேச்சை வீட்டில் எடுக்கும் முன்பு, நீ லீவில் இங்கே வந்திருந்தபோது, உன்னை ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தனக்கு இருப்பதைச் சொல்லியிருக்கிறாள். நீர்ப்பையில் சிறுநீர் நிரம்ப நிரம்ப வலிக்கும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். பரிசோதனையில் கிருமி இல்லை, கல் இல்லை, பயப்படும்படியான வேறு எதுவும் இல்லை. ஆனாலும் வலிக்கும். சில வாரம் ஒன்றுமே இருக்காது, சில நாள் ஒரு பாட வேளைக்குள் இரண்டு முறை வகுப்பை விட்டு ஓட வேண்டியிருக்கும். யாருக்கும் ஒட்டாது. அடியோடு போய்விடும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவும் மாட்டார். இவ்வளவையும் அவள் ஒரு தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதுவது போலச் சொல்லி முடித்தபோது நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. "டேக் கேர்" என்று சொல்லியிருப்பாய். எங்கள் காலத்தில் "எல்லாம் சரியாயிடும்" என்போம். பேச்சை மாற்றலாமா என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு மரியாதையான வாக்கியம் வைத்திருக்கிறது.

உன் அம்மாவுக்கும் இதேதான். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தது. உனக்குச் சொல்லவில்லை. நம் ஆட்களிடையே சர்க்கரை வியாதியைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் பேசலாம், ஜாங்கிரி தின்றுகொண்டே பேசலாம். மூட்டுவலி என்றால் பக்கத்து இலைக்காரர் தன் மூட்டைக் காட்டுவார். நீர்ப்பைக்கு மட்டும் பந்தியில் இடமில்லை. இதை எழுதட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைய தெய்வமாக்கிராதீங்க" என்றாள். அவனுக்கு மட்டும் எழுதட்டுமா என்றதற்கு, "அவனுக்கு மட்டும் எழுதுனா அவன் பாதிதான் படிப்பான். நாலு பேரு படிக்க எழுதுங்க. எத்தன பொம்பளைய வாயத் தொறக்காம கெடக்காளுவளோ" என்றாள். அந்தப் பெண்ணிடமும் சம்மதம் வாங்கியாயிற்று. அம்மா அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

உனக்குச் சில காட்சிகள் ஞாபகம் இருக்கும், காரணம் தெரிந்திருக்காது. ஹவுராவிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறும்போதெல்லாம் நமக்குப் பெட்டியின் கடைசியில், கழிப்பறையை ஒட்டிய படுக்கைதான் கிடைக்கும். "அப்பா ரயில்வேல இருந்தும் நமக்கு மட்டும் ஏம்மா இந்த நாத்தம் புடிச்ச எடம்?" என்று நீ ஒரு முறை கத்தினாய். உண்மை என்னவென்றால், அந்த இடத்தை நான் கேட்டு வாங்கினேன். முன்பதிவுப் பிரிவில் இருந்த நண்பர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். எல்லாரும் அவரிடம் வந்து அந்தப் படுக்கையிலிருந்து தங்களைக் காப்பாற்றச் சொல்லுவார்கள். நான் ஒருவன்தான் அதற்குச் சிபாரிசு பிடித்தேன். எனக்கு வாஸ்து ஜோசியர் யாரோ சொல்லியிருக்கிறார் என்று அலுவலகத்தில் ஒரு கருத்து நிலவியது. நான் மறுக்கவில்லை. நீர்ப்பை என்பதைவிட வாஸ்து மரியாதையாக இருந்தது.

பூஜைக் காலத்தில் ஊரே பந்தல் பந்தலாக அலையும்போது அம்மா வீட்டில் இருந்தாளே, அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதானே நினைத்தாய்? கூட்டம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். பத்துக் கை உள்ள தேவிக்கு அரண்மனை போலப் பந்தல் போட்டவர்கள், வரிசையில் நிற்கும் இரண்டு கைக்காரிகள் எங்கே ஒதுங்குவார்கள் என்று அந்த நாளில் யோசிக்கவில்லை. உன் தோளில் கை போட்டு உன்னை நான் அழைத்துப் போனேன். அவள் வாசலில் நின்று கையாட்டினாள்.

இனி எங்கள் வைத்தியத்தைச் சொல்கிறேன். எரிச்சல் என்று அவள் சொன்ன மறுநிமிடம் வீட்டில் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது: சூடு. தமிழன் வீட்டில் கண் சிவந்தால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு, பையன் கணக்கில் தோற்றால் அதுவும் சூட்டினால்தான். சூட்டுக்கு எலுமிச்சை ஜூஸ். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று பிழிந்தேன். மேல்மாடியில் இருந்த வங்காளிப் பெரியம்மா, நம் மாஷிமா, உனக்கு ஞாபகம் இருக்கும், வங்காள வைத்தியத்தின் அறிவிக்கப்படாத தலைமை அலுவலகம். அவர் இறங்கி வந்து அம்மாவை ஒரு முறை பார்த்தார். "பௌமா, டாண்டா லெகேச்சே!" என்றார். மருமகளே, உனக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று பொருள். வங்காளியின் உடம்பில் எது வந்தாலும் குளிர் வழியாகத்தான் வரும். போகும்போது தன் கணவரின் மங்கி குல்லாவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, ஒரே நீர்ப்பைக்குக் கீழ்வீட்டில் சூடு, மேல்வீட்டில் குளிர். யாரையும் புண்படுத்தத் தெரியாத உன் அம்மா, தலையில் மங்கி குல்லாவும் கையில் எலுமிச்சை ஜூஸுமாக அந்தக் குளிர்காலத்தைக் கழித்தாள்.

இது போதாதென்று நான் சமையலறைக்குள் நுழைந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமையல், ரசம். உடம்புக்கு முடியாதவர்களுக்கு ரசம் கொடுப்பது என்பது நம்மிடையே சட்டத் திருத்தத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். புளி, தக்காளி, மிளகு, கொஞ்சம் காரம் தூக்கலாக. அவள் சாப்பிட்டாள். வலி கூடியது. வலி கூடியதால் ரசத்தைக் கூட்டினேன். அவள் தன் பங்குக்கு ஒரு யோசனை செய்தாள். தண்ணீர் குடிப்பதால்தானே போக வேண்டியிருக்கிறது, குடிக்காவிட்டால்? பகல் முழுவதும் தொண்டை நனைக்காமல் இருந்தாள். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் இரண்டு மடங்கானது. எங்கள் இருவரிடமும் அன்புக்கும் புத்திக்கும் குறைவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை எவ்வளவு வதைக்க முடியுமோ அவ்வளவும் வதைத்தோம்.

டாக்டர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். அது முடிந்ததும் அதன் அண்ணனைக் கொடுத்தார். பிறகு சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியபோது கிருமியே இல்லை என்று வந்தது. "ஒண்ணுமில்லையே!" என்றார் சந்தோஷமாக. வலிக்கிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதைவிடக் கொடுமையானதை நான் கேட்டதில்லை. இன்னொருவர் டென்ஷன் என்றார். கணவரோடு எங்கேயாவது நாலு நாள் போய்விட்டு வாருங்கள் என்றார். கழிப்பறையை விட்டுப் பத்தடி தள்ளிப் போக முடியாதவளை டார்ஜிலிங்குக்கு அனுப்பப் பார்த்தார்.

கடைசியாகப் போன டாக்டரம்மா, ஸ்கேனைப் பார்த்து முடித்த பிறகு, ஒரு நாளில் என்னென்ன வயிற்றுக்குள் போகிறது என்று கேட்டார். வங்காள மொழியில் நடந்த பேச்சு, தமிழில் சொல்கிறேன்.

"காலையில?"

"காபி."

"அப்புறம்?"

"இன்னொரு காபி."

"மத்தியானம்?"

"சாம்பார், ரசம். தக்காளிப் பச்சடி."

"நடுவுல?"

"லெமன் ஜூஸ். சூட்டுக்கு."

"ராத்திரி?"

"உடம்பு முடியலேன்னு வெறும் ரசம் சாதம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். உன் அம்மா சற்றும் தயங்காமல் என்னைக் காட்டினாள்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நீர்ப்பையின் உட்சுவரில் சிலருக்கு ஒரு புண்பட்ட சுபாவம் வந்துவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வாய்ப்புண் இருக்கும்போது ஊறுகாயைத் தொட்டால் என்ன ஆகுமோ, அப்படி. காபி, டீ, எலுமிச்சை, தக்காளி, காரம், சோடா வகைகள் எல்லாம் பலருக்குச் சீண்டும். ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் சீண்டாது. அதனால் சந்தேகப்பட்டவற்றைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் காபியும் தக்காளியும் எலுமிச்சையும் எதிரிகள் என்று தெரிந்தது. கொஞ்சம் புளி பரவாயில்லை. மிளகாய் நல்ல நாளில் நண்பன், கெட்ட நாளில் துரோகி. மோரும் கீரையும் பூசணிக்காயும் அவளைக் கைவிடவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பட்டியல் வேறாக இருக்கலாம். ஆகவே உன் அம்மாவின் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் புத்திமதி சொல்லாதே. எலுமிச்சை ஜூஸ் பிழிந்தவனின் பிள்ளை நீ.

காபி நின்ற அந்த வாரம் நம் வீடு இழவு வீடு போல இருந்தது. அவள் குடிக்காதபோது நான் எப்படிக் குடிப்பது? அலுவலகக் கேண்டீனில் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு, தகாத உறவு வைத்திருப்பவன் போல வீட்டுக்குள் வருவேன். "எங்க போயிட்டு வாரிய? வாய் மணக்கு" என்பாள். சில நாள் கழித்து அவளே, "வீட்டுலயே குடிங்க. வாசனையாவது எனக்குக் கெடைக்கும்லா" என்றாள்.

தண்ணீரை நிறுத்தவும் கூடாது, சொம்பு சொம்பாகக் கவிழ்க்கவும் கூடாது, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மலச்சிக்கல் இருந்தால் நீர்ப்பையும் சேர்ந்து கோபித்துக்கொள்ளும் என்றார். வலி ஏறும் நாளில் அடிவயிற்றில் வெந்நீர்ப்பை, தளர்வான பருத்தித் துணி. வலி அடங்கியிருக்கும் நாட்களில், அடுத்துப் போவதற்கு முன் சில நிமிடங்கள் மட்டும் தாமதித்து, மெல்ல மெல்ல இடைவெளியை நீட்டப் பழக வேண்டும். பத்திரிகைகளில் எல்லாம் இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சி எழுதுகிறார்களே என்று கேட்டாள் அம்மா. பிசியோதெரபி பெண்மணி அவளைப் பரிசோதித்துவிட்டு, "உங்களோடது ஏற்கெனவே மூடுன கைமுட்டி மாதிரி இருக்கு. உங்களுக்கு விரிக்கத்தான் கத்துக்கணும்" என்று மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். தேவைப்பட்டபோது மருந்தும் உண்டு. சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவோடு சேர்ந்த வலி இவற்றில் ஏதாவது வந்தால் இது பழைய வலிதானே என்று இருந்துவிடக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நீ யாரைக் கல்யாணம் செய்தாலும், செய்யாவிட்டாலும், இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதும் எனக்கும் படிக்கும் உனக்கும் சங்கடம், ஆனால் சங்கடத்தினால் யாரும் செத்ததாகத் தெரியவில்லை. கணவன் மனைவிக்குள் சில நாள் "இன்னைக்கு வேண்டாம்" என்று ஒரு பதில் வரும். அதற்கு வலிக்கிறது என்பது மட்டுமே பொருள். அதில் உன் மீது வெறுப்பையோ குறைந்துபோன அன்பையோ தேடிக் கண்டுபிடிக்காதே. இல்லாததைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஆண்களுக்கு நல்ல திறமை உண்டு.

எல்லா வைத்தியத்தையும்விட அவளுக்கு எது உதவியது என்று சமீபத்தில் கேட்டேன். மூச்சுப் பயிற்சி என்பாள் என்று நினைத்தேன். ஹவுரா பாலத்தில் டாக்ஸி நகராமல் நின்ற ஒரு சாயங்காலத்தைச் சொன்னாள். அவள் இறங்க வேண்டும் என்றாள். "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ, பாலம் தாண்டிரும்" என்றேன். "பாலத்துக்கு அஞ்சு நிமிஷம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எத்தனைன்னு நீங்க எப்பிடிச் சொல்லுதிய?" என்றாள். கதவைத் திறந்துகொண்டு அவளோடு இறங்கினேன். டிரைவர் வங்காளத்தில் உள்ள அத்தனை வசவையும் எங்கள் முதுகுக்குப் பின்னால் படித்தார். ஸ்டேஷன் வரை திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போனோம். அன்றைக்குப் பிறகு நான் "பொறுத்துக்கோ" என்று சொன்னதே இல்லையாம். எனக்கு அது தெரியாது. அவள் கவனித்து வைத்திருக்கிறாள். வலியைவிட, வலிக்கிறது என்று நிரூபித்துக்கொண்டே இருப்பதுதான் அலுத்துப் போகும் என்றாள்.

இனி அந்தச் சந்திப்பு. நீ போனில் பேசிய இரண்டாம் நாள், டாலிகஞ்ச் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள் உன் அம்மா. ஆட்டோ பிடித்து ஜாதவ்பூர் போயிருக்கிறாள். பூஜை வாழ்த்து அனுப்பிய பெண்ணின் எண் அவள் போனில் இருந்திருக்கிறது. எங்கே சந்திக்கலாம் என்று கேட்டதற்கு அந்தப் பெண் ஒரு மிட்டாய்க் கடையின் பெயரைச் சொன்னாளாம். அம்மாவும் அதே கடையைத்தான் நினைத்து வைத்திருந்தாளாம். உள்ளே சுத்தமான கழிப்பறை உள்ள கடை அந்தத் தெருவில் அது ஒன்றுதான். இருவரும் சந்தேஷ் இனிப்பும் வெந்நீரும் கேட்டார்கள். கடைக்காரர் "டீ?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லும் இரண்டு பெண்களை ஒரே மேஜையில் முதன்முதலாகப் பார்த்த அதிர்ச்சியோடு போய்விட்டார்.

"காக்கிமா, அவன் அனுப்புனானா?" என்று வங்காள மொழியில் கேட்டிருக்கிறாள் அந்தப் பெண். காக்கிமா என்றால் சித்தி.

"அவனுக்குத் தெரியாது. உனக்கு இருக்கறதுதான் எனக்கும். அதான் பாக்க வந்தேன்."

அவள் அழுதுவிடுவாள் என்று அம்மா பயந்தாளாம். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தக்காளிய விட்டீங்களா?" என்று கேட்டாள்.

"விட்டேன்மா. சட்னிய நெனச்சா இப்பவும் கண்ணு கலங்கும்."

அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். எந்த மெட்ரோ நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையிடம் எப்படிக் கேட்டு வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்வது, படகுத்துறையில் டிக்கெட் வாங்குவதற்கு முன் போவதா பின் போவதா. நடுநடுவே மாறி மாறி எழுந்து போய் வந்தார்கள். ஒருத்தி போகும்போது இன்னொருத்தி மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. "இவ்வளவு வருஷத்துல, எந்திரிச்சுப் போறப்போ 'இதோ வந்துருதேன்'னு சொல்லாம போனது அன்னைக்குத்தான்" என்றாள் உன் அம்மா.

கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாளாம்: "காக்கிமா, நான் அவன்கிட்ட கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்கல. எனக்கு இருக்கறத சொன்னேன். அவன் யோசிக்கிறேன்னான். யோசிக்கட்டும். ஆனா எனக்கும் ஒண்ணு தெரியணும். ஒரு டாய்லெட் வாசல்ல என் பையப் புடிச்சிக்கிட்டு, முகத்தத் தூக்கி வச்சிக்காம, வாட்ச்சப் பாக்காம, அவனுக்கு நிக்கத் தெரியுமா? நீங்க வளத்த பிள்ளை. சொல்லுங்க."

உன் அம்மாவுக்குப் பொய் வராது. "தெரியலம்மா. நான் போன எடத்துலயெல்லாம் அவங்க அப்பா நின்னாரு. இவன் ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு இருந்தான்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே மகனே, யோசிப்பவன் நீ ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் திருத்திக்கொள். அவளும் யோசிக்கிறாள். அவளிடம் நோயைப் பற்றிய விவரம் எல்லாம் இருக்கிறது, உன்னைப் பற்றியதுதான் குறைகிறது. அதை நாங்கள் கொடுக்க முடியாது. உன்னால் முடியாது என்று தோன்றினால் அதையும் நேரில் போய்ச் சொல். வேலைப் பளு, ஜாதகம், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று வேறு எதையாவது சொல்லாதே. உன்னிடம் உண்மையைச் சொன்னவளுக்கு உண்மை சேர வேண்டும். நான் உன் மீது கோபப்படமாட்டேன். ஏமாற்றமாக இருக்கும், அது என் பாடு.

எப்படியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். உன் அம்மா அழைத்திருக்கிறாள். மகனுக்குப் பார்த்த பெண் என்ற முறையில் அழைக்கவில்லை, தன் சிநேகிதி என்று அழைத்திருக்கிறாள். பூசணிக்காய் மோர்க்குழம்பு. நீ சரி என்றாலும் அவள் வருவாள், வேண்டாம் என்றாலும் வருவாள், இனி எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருவாள் போலிருக்கிறது. நீயும் விமானம் பிடித்து வருவதாக இருந்தால் வா. நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. அன்றைக்கு அங்கே உன் முறை கடைசியாகத்தான் வரும். வெளியே நின்று பழகு.

அப்பா